கேட் நோட்டின் நான்காவது கட்டம்

12 ஜூன் 2024, புதன்

பள்ளி திறந்து மூன்றாவது நாள். தொண்டை இப்போதே போய்விட்டது. ஏழாம் வகுப்பு பி பிரிவு இந்த வருடமும் என் தலையில்தான். முப்பத்தெட்டுப் பிள்ளைகள். அதில் என் மகள் ஆன் மேரியும் ஒருத்தி. வகுப்பில் 'டீச்சர்' என்றுதான் கூப்பிட வேண்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன். மறந்துபோய் 'அம்மா' என்றுவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்கிறாள்.

மத்தியானம் ஹெச்.எம். ராஜம்மாள் அம்மா கூப்பிட்டார். "லீமா, ஒழுங்கு விதி, பாதுகாப்பு விதி ரெண்டும் இந்த வருஷம் நீதான். ஒன் எழுத்து முத்து முத்தா இருக்குது" என்றார். எழுத்துக்கும் பாதுகாப்புக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கவில்லை. கேட்டால் இன்னொரு கமிட்டியையும் சேர்த்துக் கொடுத்துவிடுவார்.

வராந்தாவில் இருக்கும் விதிப் பலகையைப் படித்துப் பார்த்தேன். இருபத்திரண்டு விதிகள். ரெட்டைச் சடை, கறுப்பு ரிப்பன். கலர் ரப்பர் பேண்ட் கூடாது. பெரியவர்கள் சொன்னால் மறுத்துப் பேசக் கூடாது. பள்ளி நேரத்தில் யாராவது வந்து பிள்ளையைக் கூட்டிப்போனால் என்ன செய்வது என்பதற்கு மட்டும் ஒரு வரி இல்லை. சடைக்கு மூன்று விதி இருக்கிறது.

21 ஜூன், வெள்ளி

பெற்றோர் கூட்டம். நான் கண்டுபிடித்த யோசனையை அவிழ்த்துவிட்டேன். கண்டுபிடித்தது என்ன, போனில் ஏதோ வீடியோவில் பார்த்ததுதான். வீட்டுக்கு வீடு ஒரு ரகசியச் சொல். பள்ளி விடுவதற்கு முன் பிள்ளையைக் கூட்டிப்போக யார் வந்தாலும் அந்தச் சொல்லைச் சொல்ல வேண்டும். சொன்னால் பிள்ளை போகும். சொல்லாவிட்டால் தாய்மாமனாக இருந்தாலும் கேட்டுக்கு வெளியேதான்.

ஒரே சிரிப்பு. ஒரு அப்பா எழுந்து, "நான் பெத்த புள்ளைய கூட்டிட்டுப் போவ நானே பாஸ்வேர்டு சொல்லணுமா டீச்சர்?" என்றார். "ஏ.டி.எம்.ல ஒங்க காசை எடுக்க நீங்களே நம்பர் போடலிங்களா?" என்றேன். உட்கார்ந்துவிட்டார். எனக்குக் கொஞ்சம் திமிராகத்தான் இருந்தது.

சிரிக்காமல் கேட்டுக்கொண்டிருந்தது மங்கலம்பேட்டை சாதிகா மட்டும்தான். அவர் வீட்டுக்காரர் முகம்மது ரியாஸ் குவைத்தில் இருக்கிறார், மூன்று வருடமாக ஊருக்கு வரவில்லை. மகள் ஹுமைரா என் வகுப்பில்தான் படிக்கிறாள், தினமும் பஸ்ஸில் வந்து போகிறவள். "எங்க வூட்டுல ஆம்பள இல்ல டீச்சர். எங்களுக்கு இது நல்லதுதான்" என்றார். ஹுமைரா அம்மாவின் காதில் ஏதோ சொன்னாள். அவர்கள் வீட்டுச் சொல்: ஊதா சைக்கிள். குவைத்திலிருந்து அத்தா வரும்போது வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறாராம்.

எங்கள் வீட்டுச் சொல் மாங்கொட்டை. ஆன் மேரி தேர்ந்தெடுத்தது. காரணம் கேட்கக் கூடாதாம்.

25 ஜூன், செவ்வாய்

ஹெச்.எம். அம்மாவுக்கு ஒரு சந்தேகம். "சொல்லு இருக்குது, சரி. ஆதாரம் எங்க? நாளைக்கு ஆய்வுக்கு வந்தாங்கன்னா எதக் காட்டுறது? ஒரு ரிஜிஸ்டர் போட்டுடு."

போட்டேன். நீள நோட்டு. சிவப்பு மையில் தலைப்பு: ரகசியச் சொல் பதிவேடு. வரிசை எண், பெயர், தகப்பனார் பெயர், சொல். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, ஒரு அடித்தல் இல்லாமல் எழுதி முடித்தேன். ஹெச்.எம். இரண்டு பக்கத்திலும் பள்ளி முத்திரை குத்தினார்.

கேட்டுக்கும் ஒரு நோட்டு. ஆறு கட்டம். பெயர், வகுப்பு, நேரம், கூட்டிப்போக வந்தவர் என்ன உறவு, சொல் சரியா, ஆசிரியர் கையெழுத்து. கேட்டில் நிற்கும் ஆயா கமலத்துக்குத் தன் பெயரை எழுதத் தெரியும், படிக்கத் தெரியாது. அதனால் முதல் நான்கு கட்டத்தையும் போகிற பிள்ளையே எழுதிவிட வேண்டும். வந்தவர் சொன்ன சொல்லையும் நோட்டையும் கமலம் என்னிடம் கொண்டுவருவாள். கேட்டுக்குப் பக்கத்து அறைதான் என் வகுப்பு, பதிவேடு என் மேஜை டிராயரில் இருக்கிறது. சொல்லைச் சரிபார்த்து ஐந்தாவது கட்டத்தில் ஒரு டிக் போட்டு, ஆறாவது கட்டத்தில் 'லீ' என்று எழுதினால் வேலை தீர்ந்தது.

என் வீட்டுக்காரர் காஸ்பர் கேட்டுவிட்டுச் சிரித்தார். "ரகசியத்துக்கு ரிஜிஸ்டரா?"

பீங்கான் கம்பெனியிலிருந்து வந்த கோலத்தில், புருவமெல்லாம் வெள்ளைத் தூளோடு நின்றுகொண்டு கேட்கிற கேள்வியைப் பார். சூளையில் ஃபியூஸ் கட்டை அடுக்குகிறவருக்கு ஆபீஸ் நடைமுறை என்ன தெரியும்? "நீங்க ஒங்க சூளையப் பாருங்க" என்றேன்.

28 ஜூன், வெள்ளி

நாலைந்து பெற்றோருக்குத் தாங்கள் கொடுத்த சொல்லே மறந்துவிட்டது! இரண்டு பேர் மாற்ற வேண்டும் என்கிறார்கள். ஒவ்வொருவருக்காகப் போன் போட்டுக்கொண்டிருந்தால் நான் எப்போது பாடம் நடத்துவது? பதிவேட்டின் இரண்டு பக்கத்தையும் படம் எடுத்து வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டேன். 'சரிபார்த்து, திருத்தம் இருப்பின் இன்று மாலைக்குள் தெரிவிக்கவும்.' பதினேழு பேர் கைகூப்பியிருந்தார்கள். ஒருவர் ரோஜாப்பூ. இன்னொருவர், 'சூப்பர் ஹேண்ட்ரைட்டிங் மேம்.' ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்தது.

2 ஜூலை, செவ்வாய்

என் விதி இன்று வேலை செய்தது. ஒரு பையனின் சித்தப்பா சொல் தெரியாமல் கேட்டில் நின்றார். கெஞ்சினார், அதட்டினார். கமலம் அசையவில்லை. "சொல்லு இல்லாம ஈ எறும்பு கூட வெளிய போவாது, டீச்சர் சொல்லிட்டாங்க" என்றாளாம். அவர் ரோட்டில் நின்றபடியே பையனின் அம்மாவுக்குப் போன் போட்டுக் கேட்டுக்கொண்டு வந்து சொன்ன பிறகுதான் விட்டோம்.

அந்த நேரம் பார்த்து ஆய்வுக்கு வந்த அலுவலர் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "நல்ல ஏற்பாடா இருக்குதே" என்றார். ஹெச்.எம். என் முதுகில் தட்டினார். இரவு காஸ்பரிடம் மூன்று முறை சொன்னேன். மூன்றாவது முறை, "கேட்டாச்சு லீமா" என்றார்.

11 ஜூலை, வியாழன்

மழை வரும் போலிருந்தது, வரவில்லை. வேறொன்றுமில்லை.

18 ஜூலை, வியாழன்

ஹுமைராவைக் காணோம்.

கிடைத்துவிட்டாள். கிடைத்துவிட்டாள். மாதாவே. எழுத வரவில்லை. நாளைக்கு.

19 ஜூலை, வெள்ளி

நேற்று நடந்ததை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன். வரிசையாக எழுதினால் புரியுமோ என்னவோ.

மதியம் இரண்டே முக்காலுக்கு ஒருவன் பைக்கில் வந்திருக்கிறான். முப்பது வயதுக்குள் இருக்கும். அப்போது என் வகுப்புப் பிள்ளைகள் மைதானத்தில் விளையாட்டுப் பீரியடில் இருந்தார்கள். ஹுமைராவின் அத்தா குவைத்திலிருந்து திடீரென்று வந்துவிட்டார், வீட்டில் எல்லோரும் காத்துக்கொண்டிருக்கிறார்கள், கூட்டிவரச் சொன்னார்கள் என்றானாம். என்ன சொல் என்று கமலம் கேட்டிருக்கிறாள். ஊதா சைக்கிள் என்றிருக்கிறான். கமலம் விட்டுவிட்டாள்.

நாலேகாலுக்குப் பள்ளி விட்டது. எல்லோரும் போன பிறகும் ஒரு பை மட்டும் பெஞ்சில் கிடந்தது. சாதிகா நேற்றென்று பார்த்து விருத்தாசலத்துக்குத் துணி எடுக்க வந்தவர், மகளையும் கூட்டிக்கொண்டு போகலாம் என்று கேட்டில் வந்து நின்றார். "பாப்பாவோட அத்தா வந்துட்டாருன்னு அப்பவே கூட்டிட்டுப் போயிட்டாங்களே" என்றாள் கமலம்.

சாதிகா கமலத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "அவரு காலையிலகூட குவைத்துலேருந்து பேசுனாரு டீச்சர்."

கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிட்டார். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. ஹெச்.எம்.தான் கத்தினார், கமலத்தைப் பார்த்து. "யாரு எவருன்னு தெரியாம எப்படி வுட்ட?" கமலம் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "சொல்லு சரியா சொன்னானே."

போலீஸ் வந்தது. கேள்வி கேட்டது. கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துக் கண் வலித்தது. ஐந்தரைக்குப் போன் வந்தது, பிள்ளை பத்திரம் என்று.

மங்கலம்பேட்டை ரோட்டில் போகாமல் பைக் வேறு பக்கம் திரும்பியதுமே ஹுமைரா பயந்திருக்கிறாள். ரயில்வே கேட் மூடியிருந்ததால் பைக் நின்றிருக்கிறது. குதித்து ஓடி, பின்னால் நின்றிருந்த சேத்தியாத்தோப்பு பஸ்ஸில் ஏறி, முன் சீட்டில் இருந்த ஒரு அம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டாளாம். பேச்சே வரவில்லையாம். காய்கறிக் கூடையோடு உட்கார்ந்திருந்த அந்த அம்மாவின் பெயர் ஆதிலட்சுமி. பிள்ளையின் முகத்தைப் பார்த்ததுமே கண்டக்டரைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தச் சொல்லியிருக்கிறார். பைக் திரும்பிப் போய்விட்டது. ஹுமைரா பயம் தெளிந்து ஊர், பெயர் சொல்வதற்கு வெகுநேரம் ஆனதாம். முழங்கையில் ஒரு சிராய்ப்பு. அவ்வளவுதான்.

அவ்வளவுதானா? ரயில் வராமல் இருந்திருந்தால்? தினமும் அந்த ரயில்வே கேட்டைத் திட்டாத ஆள் இந்த ஊரில் உண்டா?

கமலத்தை இனி வர வேண்டாம் என்று ஹெச்.எம். சொல்லிவிட்டார். வந்தவன் யார் என்று கேட்காமல் விட்டது அவள் தப்புதானே.

20 ஜூலை, சனி

நேற்று எழுதியதில் ஒன்றை விட்டுவிட்டேன். மறந்து விடவில்லை. என் சொந்த நோட்டுக்கே பொய் சொல்லியிருக்கிறேன்.

கமலம் விடவில்லை. நான்தான் விட்டேன்.

வகுப்பு காலியாக இருந்தது. டெஸ்ட் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தேன். ஜன்னல் வழியாகக் கமலம் நோட்டை நீட்டினாள். "ஹுமைரா பாப்பாவுக்கு ஆளு வந்துருக்குது டீச்சர். ஊதா சைக்கிளாம்." டிராயரைத் திறந்து பார்த்தேன். பதினோராவது வரி. சரி. டிக் போட்டேன், 'லீ' போட்டேன், நோட்டை நீட்டினேன். கமலம் போகாமல் நின்றாள். "பாப்பா ஒரு மாதிரி நிக்கிது டீச்சர்" என்றாள். நான் தலையைத் தூக்கவில்லை. "சொல்லு சரியா இருக்குல்ல கமலம், அனுப்பு" என்றேன்.

இதை முந்தாநாள் போலீஸிடம் சொல்லவில்லை. யாரும் கேட்கவில்லை என்பது ஒரு காரணமா?

இன்று காலை மகளிர் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். அவன் பிடிபட்டுவிட்டான். இன்ஸ்பெக்டர் அம்மா ஒரு போனை என் முன்னால் வைத்து, "இது யாரு எழுத்து?" என்றார்.

என் எழுத்து. சிவப்பு மையில் 'ரகசியச் சொல் பதிவேடு'. முத்திரையோடு. நான் குரூப்பில் போட்ட அதே படம். ஓரத்தில் நோட்டை அழுத்திப் பிடித்திருக்கும் என் கட்டைவிரல்கூடத் தெரிகிறது. அவன் போனுக்குள் என் விரல்!

செல்போன் ரிப்பேர் கடை ஒன்றில் வேலை செய்கிறவனாம். எங்கள் குரூப்பில் இருக்கும் ஒரு அம்மா டிஸ்ப்ளே மாற்றக் கொடுத்த போனிலிருந்து எடுத்திருக்கிறான். ஒவ்வொரு பிள்ளைக்கும் கீழே பெயரோடு குரூப்பில் இருந்த விளையாட்டு விழாப் படங்களையும் எடுத்திருக்கிறான். பெயர் போட்டதும் நான்தான். ஹுமைராவின் அப்பா வெளிநாடு என்பது அந்தக் குரூப்பிலேயே பத்து இடத்தில் இருக்கிறது.

எதற்காகக் கூட்டிப்போனான் என்று கேட்டேன். "அத தெரிஞ்சி என்ன பண்ணப் போறீங்க டீச்சர்? ரயிலு வந்துச்சே, அதுக்கு சாமி கும்புடுங்க" என்றார். பிறகு, "திங்கக்கெழம அந்த கேட் நோட்ட எடுத்தாந்து குடுங்க" என்றார்.

படத்தில் மூன்றாவது வரி — ஆன் மேரி, த/பெ காஸ்பர், மாங்கொட்டை. 

நேரே பள்ளிக்குப் போனேன். ஹெச்.எம். நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதை என் பக்கம் திருப்பினார். 18ஆம் தேதி வரி. ஹுமைராவின் எழுத்து. பெயர். வகுப்பு. 2.45. நான்காவது கட்டத்தில், கூட்டிப்போக வந்தவர் என்ன உறவு என்ற இடத்தில்:

தெரியாது.

அதற்குப் பக்கத்தில் என் டிக். அதற்குப் பக்கத்தில் என் 'லீ'.

எழுதியிருக்கிறாள். பிள்ளை எழுதிக் கொடுத்திருக்கிறாள். நான் அந்தக் கட்டத்தைப் பார்க்கவே இல்லை. அன்றைக்கு மட்டுமா? பக்கத்தைப் புரட்டினேன் — சித்தப்பா, பெரியம்மா, மாமா, அண்ணன் — ஒன்றுகூட நினைவில் இல்லை. ஒரு நாளும் படித்ததில்லை. கோடு போட்டது நான், தலைப்பு எழுதியது நான். அடிப் பாவி, ஆறு கட்டம்தானே!

ஹெச்.எம். எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "தண்ணி பட்டு நோட்டு நனைஞ்சிடுச்சி, வேற நோட்டுல ஏத்துனோம்னு சொல்லிக்கலாம். புள்ளைங்க எழுத்து ஒனக்கு அத்துப்படிதான? அந்த எடத்துல 'மாமா'ன்னு போட்டுடு. ஒன் லீ வேணாம். கமலம் காட்டாமலே அனுப்பிட்டான்னு ஆயிடும். அவ எங்கயாவது பாத்திரம் கழுவிப் பொழச்சிக்குவா. ஒனக்குப் பதினாறு வருஷ சர்வீஸு லீமா."

சரி என்று நான் சொல்லவில்லை. முடியாது என்றும் சொல்லவில்லை. பழைய நோட்டையும் புது நோட்டையும் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். அதற்குப் பெயர் சரிதான்.

21 ஜூலை, ஞாயிறு

பூசையில் சாமியார் என்ன பிரசங்கம் வைத்தார் என்று தெரியாது. நன்மை அப்பம் வாங்க வரிசையில் போகவில்லை. ஆன் மேரி திரும்பிப் பார்த்தாள்.

வரும் வழியில் கமலம். கையில் தண்ணீர்க் குடம். தலையைக் குனிந்துகொண்டு போய்விடலாம் என்று பார்த்தேன், விடவில்லை. குடத்தை இறக்கி வைத்துவிட்டு வந்தாள்.

"படிக்கத் தெரியாதுன்னுதான ஒங்ககிட்ட கொண்டாந்தேன் டீச்சர். பாப்பா ஒரு மாதிரி நிக்கிதுன்னு வாயால சொன்னேனே. நோட்டுல எழுதுனாதான் ஒங்களுக்குக் காதுல ஏறுமா?"

திரும்பிப் போய்க் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"போலீஸு என்னைய இன்னொரு தபா கூப்புடும். சொல்லுவேன். ஆனா எம்பேச்ச எவன் நம்புவான்? நோட்டுல என்னா இருக்குதோ அதத்தான் நம்புவாங்க."

எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. அப்படியிருந்தும் வீட்டுக்கு வந்து, சாப்பிட்டுவிட்டு, புது நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். உட்கார்ந்தேனே! ஹெச்.எம். சொன்னது பொய்யில்லை, பிள்ளைகளின் எழுத்து எனக்கு அத்துப்படி. ஒருத்தன் 'சி'க்குக் கொக்கியை வளைக்காமல் விடுவான். ஒருத்தி புள்ளிக்குப் பதில் வட்டம் போடுவாள். பதினான்கு வரி எழுதினேன். எவராலும் கண்டுபிடிக்க முடியாது. அதில் ஒரு பெருமைகூட வந்தது, அதையும் எழுதிவிடுகிறேன்.

பதினைந்தாவது வரி ஹுமைரா. அவள் கடைசி எழுத்தின் காலை எப்போதும் கொஞ்சம் மேலே தூக்கிவிடுவாள். பேப்பரில் ஒருமுறை எழுதிப் பார்த்துக்கொண்டு, நோட்டில் பெயரை எழுதினேன்.

"அம்மா, ஏன் ஹுமைரா மாதிரி எழுதுறீங்க?"

ஆன் மேரி எனக்குப் பின்னால் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை.  குனிந்து பழைய நோட்டைப் பார்த்தாள். அந்த வரியைப் படித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் எழுத மாட்டேன்.

காஸ்பரை அவளே கூப்பிட்டாள். அவர் இரண்டு நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அதட்டுவார் என்று நினைத்தேன்.

"கீறல் வுட்ட ஃபியூஸ் கட்டைக்கு மேல பூச்சு பூசி அனுப்பலாம் லீமா. பளபளன்னுதான் இருக்கும். வூட்டுல மாட்டுறான் பாரு, அவன் கைதான் கருவும்."

"வேல போயிட்டா?"

"போனா கஷ்டம்தான். எனக்கும் சூளை வாரத்துல நாலு நாளுதான் எரியுது. இல்லன்னு சொல்லல."

 அதற்கு மேல் நான் பேனாவைத் தொடவில்லை.

22 ஜூலை, திங்கள்

பழைய நோட்டை இன்ஸ்பெக்டர் அம்மாவிடம் கொடுத்தேன். பதினைந்தாவது வரியில் ஒரு பெயரோடு நிற்கும் புது நோட்டையும் கொடுத்தேன். நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். 'லீ' இல்லை, முழுப் பெயர்.

அவர் நான்காவது கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்கும் இந்த வயசுல ஒரு பொண்ணு இருக்குது டீச்சர்" என்றார். அதற்குப் பதில் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

5 ஆகஸ்ட், திங்கள்

ஹெச்.எம். அம்மா நீண்ட விடுப்பில் போய்விட்டார். விசாரணை நடக்கிறது. எனக்கு மெமோ வந்திருக்கிறது, முடிவு வரும்வரை வேலையில் இருக்கலாம். ஆசிரியர் அறையில் நான் போனால் பேச்சு நின்றுவிடுகிறது. என்னால் பள்ளி பேர் கெட்டுப்போனதாம். கமலத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். கேட்டைத் திறந்துவிட்டாள், வணக்கம் சொல்லவில்லை.

குரூப்பிலிருந்து அந்தப் படத்தை எடுக்கப் பார்த்தேன். நாள் கடந்துவிட்டால் எல்லோருடைய போனிலிருந்தும் அழிக்க முடியாதாம். என் போனில் மட்டும்தான் அழிந்தது! அதனால் தினமும் பள்ளி விட்டதும் ஒவ்வொரு வீடாகப் போகிறேன். போனைக் கையில் கொடுக்கச் சொல்லி, என் கண் முன்னால் அழிக்கச் சொல்கிறேன். இருபத்தாறு வீடு முடிந்தது. காபி கொடுத்தவர்களும் உண்டு. ஏ.டி.எம். அப்பா கதவைத் திறக்காமல் ஜன்னல் வழியாகவே, "நம்பர் போட்டா நம்ம பணம் பத்திரம்னு சொன்னீங்களே டீச்சர்" என்றார். பிறகு போனை நீட்டினார்.

மங்கலம்பேட்டைக்கு இன்னும் போகவில்லை. ஹுமைரா பள்ளிக்கு வருவதில்லை.

20 ஆகஸ்ட், செவ்வாய்

இன்று போனேன். பஸ்ஸை விட்டு இறங்கி, திரும்பிவிடலாமா என்று நிறுத்தத்திலேயே கால் மணி நேரம் நின்றேன்.

சாதிகா கதவைத் திறந்தார். உள்ளே வரச் சொல்லவில்லை. "ஆம்பள இல்லாத வூடுன்னுதான டீச்சர் ஒங்கள நம்புனேன். எல்லாரும் சிரிக்கச்ச நான் சிரிக்கலியே. எம்புள்ள ராவுல எந்திரிச்சி எந்திரிச்சி கதவுத் தாப்பாளத் தொட்டுப் பாக்குது, தெரியுமா ஒங்களுக்கு?" வாசலில் நின்று வாங்கிக்கொண்டேன். ஒரு வார்த்தைகூட அதிகமில்லை. மன்னிப்புக் கேட்டேன். அதை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்? பிறகு கதவை விட்டு விலகி, "வெயில்ல நிக்காதீங்க, வாங்க" என்றார்.

ஹுமைரா உள்ளே கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். இளைத்திருந்தாள். நான் பேசத் தொடங்குவதற்கு முன் அவளே கேட்டாள். ரொம்ப நாளாக வைத்திருந்த கேள்வி போல.

"நான் தெரியாதுன்னு எழுதுனேன்ல டீச்சர்?"

"எழுதுனே கண்ணு."

"நீங்க கையெழுத்துப் போட்டுட்டீங்கன்னு ஆயா நோட்டக் கொண்டாந்து காட்டுனாங்க. அப்ப ஒங்களுக்குத் தெரிஞ்சவருன்னு நெனச்சேன்."

கட்டில் விளிம்பைத் தடவிக்கொண்டே மேலும் சொன்னாள்.

"போமாட்டேன்னு சொல்லலாம்னு பாத்தேன். பெரியவங்க சொன்னா மறுத்துப் பேசக் கூடாதுன்னு போர்டுல இருக்குல்ல."

அழக் கூடாது என்றுதான் போயிருந்தேன். முடியவில்லை. அழுதேன். சாதிகா தண்ணீர் கொண்டுவந்து வைத்தார், எனக்கு இல்லை, மகளுக்கு. ஹுமைரா பாதி குடித்துவிட்டு டம்ளரை என் பக்கம் நகர்த்தினாள்.

21 ஆகஸ்ட், புதன்

வராந்தாப் பலகையில் அந்த விதியை இன்று நானே பெயின்ட் அடித்து மறைத்தேன். அதன் மேல் புதிதாக எழுதினேன். 'வர மாட்டேன் என்று பிள்ளை சொன்னால், யார் வந்திருந்தாலும் பிள்ளையை அனுப்பக் கூடாது.' பொறுப்பு ஹெச்.எம். குருமூர்த்தி சார், "அப்ப நாளைக்கு வூட்டுப்பாடம் எழுத மாட்டேன்னு சொன்னா?" என்றார். "அது வேற சார்" என்றேன். சிரிக்கவில்லை நான்.

எழுத்து கோணலாக வந்திருக்கிறது. அப்படியே விட்டுவிட்டேன்.

11 செப்டம்பர், புதன்

இப்போதெல்லாம் சொல்லும் இல்லை, பதிவேடும் இல்லை. கேட்டில் வந்து நிற்பவரைப் பார்க்க வைத்து, பிள்ளையைக் கேட்கிறோம். வீட்டுக்கும் போன் போடுகிறோம். நோட்டை நான் வகுப்பில் உட்கார்ந்து வாங்குவதில்லை, கேட்டுக்குப் போகிறேன். கமலத்தின் நிபந்தனை அது. ஒவ்வொரு கட்டத்தையும் அவள் காதுபட வாசிக்க வேண்டும், அப்போதுதான் பூட்டைத் திறப்பாள். "எல்லாத்தையும் படிங்க டீச்சர். கோட்ட வுட்டுட்டுப் படிங்க" என்கிறாள். இன்னமும் வணக்கம் இல்லை.

ஹுமைரா திங்கட்கிழமையிலிருந்து வருகிறாள். ஆன் மேரி பக்கத்தில் இடம் பிடித்து வைத்திருந்தாள்.

இன்று மூன்று மணிக்குக் கேட்டில் ஒருவர். கறுத்து மெலிந்த ஆள், சட்டை மட்டும் புதிது. கையில் ஒரு சிவப்புச் சைக்கிள். "ஹுமைராவோட அத்தாங்க. ஒரு மாசம் லீவுல வந்துருக்கேன்" என்றார். கமலம் பூட்டின் மேல் கையை வைத்துக்கொண்டு, "நில்லுங்க. பாப்பா சொல்லணும்" என்றாள். அவர் கோபப்படவில்லை. நின்றார். ஊதா வேண்டாம் என்று மகள் சொல்லிவிட்டதாக, கேட்காமலே என்னிடம் சொன்னார்.

ஹுமைரா வந்தாள். கம்பிக்கு அந்தப் பக்கம் அவரைப் பார்த்தாள். ஓடவில்லை. நோட்டை வாங்கிக் குனிந்து எழுதினாள், நிறுத்தி நிதானமாக. நான் வாங்கி, கமலத்துக்குக் கேட்கும்படி ஒவ்வொன்றாக வாசித்தேன். ஹுமைரா. ஏழு பி. மூன்று பத்து.

நான்காவது கட்டத்தில் 'அத்தா' என்று எழுதியிருந்தாள். அதன் கீழேயே, இடம் போதாமல் சின்ன எழுத்தில், 'தெரியும்' என்று எழுதியிருந்தாள்.

அதையும் வாசித்தேன். கமலம் பூட்டைத் திறந்தாள்.